மூணாம் மாடியின் போன்

எங்கள் லாட்ஜில் அவளுக்குப் பெயர் மூணாம் மாடி. பதினாறு வருஷமாக அந்த ஒரு மாடியை மட்டும் கூட்டித் துடைக்கிறவள். சம்பளச் சீட்டில் வேறு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவளே நகர்ந்து வழி விடுவாள்.

எனக்குக் கீழே துணி ரூமில் வேலை. அழுக்கு பெட்ஷீட்டை வாங்கிக் கட்டுவேன், வெளுத்து வந்ததை மடித்துக் கொடுப்பேன். வயதில் அவளைவிடப் பதினைந்து வருஷம் மூத்தவள். வாய் அதைவிட நீளம். என் புருஷன் போய்ச் சேர்ந்ததிலிருந்து எனக்கு யாரிடமும் பயமில்லை. அவளுடைய புருஷன் சாகவில்லை, வேறொருத்தியோடு இருக்கிறான். "உங்களுக்காவது செத்துட்டான்னு சொல்லிக்க வழி இருக்குக்கா. நான் என்னன்னு சொல்றது?" என்பாள். சொல்லிவிட்டுக் கையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பாள். முன்பல் ஒன்று இல்லை அவளுக்கு.

அவளுக்கு ஒரே மகள். பள்ளிக்கூடம் விட்டதும் லாட்ஜின் பின்படிக்கட்டில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதி வளர்ந்த பிள்ளை. நான் டவல் மடிக்கும்போது பக்கத்தில் வந்து நின்று, "ஒண்ணு குறையுது பெரியம்மா" என்று என்னையே அதிகாரம் பண்ணும். அதனால் குட்டி மேனேஜர் என்று பேர் வைத்தோம்.

அந்தக் குட்டி மேனேஜர் இருபத்தொரு வயதில் ஒரு லாரி டிரைவரைக் கட்டிக்கொண்டாள். பையன் நல்லவன்தான். ஆனால் மூணாம் மாடிக்கு டிரைவர் என்றாலே ஆகாது, அவள் புருஷனும் ஸ்டியரிங் பிடித்தவன். மகள் சொல்லிக்கொண்டு போக வந்தபோது அதே பின்படிக்கட்டில் நின்று, நாங்கள் எல்லோரும் கேட்க, "போ. இனிமே உன் குரல்கூட என் காதுல விழக் கூடாது" என்றாள். அந்தப் பிள்ளை என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் தலையைக் குனிந்துகொண்டு மடித்ததையே திரும்ப மடித்தேன். ஊருக்கே நியாயம் பேசுகிற எனக்கு அன்றைக்கு வாய் வரவில்லை. போனவள் பத்து மணி நேர பஸ் தூரத்தில் இருக்கிற ஊருக்குப் போய்விட்டாள்.

இரண்டு வருஷம் பேச்சே கிடையாது.

அப்புறம் ஒரு நாள் பகல் பதினோரு மணி இருக்கும், மூணாம் மாடி ஈரக் கையோடு ஓடி வந்தாள். அவளிடம் இருந்தது ஒரு கிழட்டு போன். பின்மூடி இல்லாமல் பேட்டரி விழுந்துவிடக் கூடாதென்று ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருப்பாள். பேசுகிறவர் குரல் அதில் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரிக் கேட்கும், சில நாள் அதுவும் கேட்காது.

"அக்கா, அவதான். அம்மான்னா. மாசம்னு ஏதோ சொன்னா. அதுக்குள்ள இந்தச் சனியன் கரகரன்னு இழுத்துடுச்சு."

"திருப்பிக் கூப்பிடுடி, மரம் மாதிரி நிக்கிறியே."

கூப்பிட்டாள். எடுத்தது மகள் இல்லை, மாமியார். அந்தப் பொம்பளை பேசிய பேச்சு அந்த ஓட்டை போனில்கூட எனக்குத் தெளிவாகக் கேட்டது. இரண்டு நாள் கழித்து மகள் திரும்பக் கூப்பிட்டாள். பாதி கேட்டும் பாதி கத்தியும் பேசி முடித்தார்கள். வயிற்றில் நாலு மாசம். அந்த வீட்டில் இருக்கிறது ஒரே போன், அது மாமியாருடையது. டிரைவர் தன் போனோடு ரோட்டில் இருப்பான்.

"நீ கூப்பிடாதம்மா. அவங்க எடுத்தா எனக்குத்தான் ஒரு வாரம் பேச்சு. அவங்க வெளிய போறப்ப நானே கூப்பிடுறேன். வலி வந்ததும் கூப்பிடுவேன். உடனே பஸ் ஏறிடு. வருவியா?"

"வராம? பறந்து வரேன் போ."

"திட்ட மாட்டியே?"

"வந்து திட்டுறேன்."

அன்றையிலிருந்து அவளுக்கு உலகத்தில் ஒரே கவலை போன்தான். இந்தக் கிழட்டு போனை நம்பி ஒரு பிரசவத்தை விட முடியாது என்பது எனக்கே தெரிந்தது.

லாட்ஜ் மேனேஜர் யோசனை சொன்னார். "இந்தக் காலத்துல எவன் பட்டன் போன் வாங்குவான்? டச் போன் வாங்கு. பொண்ணு மூஞ்சியப் பாத்துப் பேசலாம்." மூஞ்சியைப் பார்க்கலாம் என்றதும் மயங்கிவிட்டாள். அவர் கைகாட்டிய ஆளிடம் பழைய டச் போன் ஒன்றை வாங்கி வந்தாள். கண்ணாடி பளபளவென்று இருந்தது. ஆனால் போன் அடித்தால் பச்சை வட்டத்தைத் தள்ள வேண்டும், இவள் தள்ளினால் அது நகராது. பதினாறு வருஷம் பிளீச்சிங் தண்ணியில் ஊறிய விரல். தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள். வட்டம் ஆடும், துடிக்கும், ஓடாது.

"போனுக்கு என்னைப் பிடிக்கலைக்கா."

நான் தள்ளிப் பார்த்தேன். எனக்கும் நகரவில்லை. "நம்ம ரெண்டு பேர் விரல்லயும் ரேகையே இல்லடி. பேசாம திருடப் போகலாம். ஜென்மத்துக்கும் மாட்ட மாட்டோம்" என்றேன். அவள் சிரிக்கவில்லை. மகள் கூப்பிட்டு, எடுக்க முடியாமல் நின்றுவிட்டால் என்ன ஆவது என்ற ஒன்றுதான் அவள் தலையில் ஓடிக்கொண்டிருந்தது. பதினெட்டாம் நாள் அந்த போன் பேட்டரி உப்பி வயிறு வெடிக்கிற மாதிரி ஆகிவிட்டது. விற்றவன் யாரோ எவரோ மாதிரிப் பார்த்தான்.

லாட்ஜுக்கு எதிர்ச் சாரியில் ஒரு செல் கடை உண்டு. ஒற்றைக் கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு நாள் முழுக்கக் குனிந்திருப்பார் கடைக்காரர். நாணயமான மனிதர். இப்போதும் அப்படித்தான் சொல்வேன். அவர்தான் சரியான வழி சொன்னார்.

"அம்மா, உங்களுக்கு வேண்டியது மணி அடிக்கணும், எடுக்க வரணும், நாள் பூரா சார்ஜ் நிக்கணும். அவ்வளவுதானே? பட்டன் போன் வாங்குங்க. புதுசா வாங்குங்க, பில்லோட வாங்குங்க. பேட்டரியக் கழட்டி மாட்டுற மாதிரிப் பாத்து வாங்குங்க. நாளைக்கு அது செத்தா பேட்டரிய மட்டும் மாத்திக்கலாம், போனைத் தூக்கிப் போட வேண்டியதில்ல. பேர் தெரியாத ஓட்டைக் கம்பெனி வேணாம். உதிரி கிடைக்காது."

நாலு போனை எடுத்து வைத்தார். மூணாம் மாடி ஒவ்வொன்றையும் டவலில் சுற்றி, என்னை விட்டுக் கூப்பிடச் சொன்னாள். டவலுக்குள்ளிருந்தும் எது காதைக் கிழித்ததோ அதைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் அதை இடுப்பு உயரத்திலிருந்து வேண்டுமென்றே கீழே விட்டாள். டொக்கென்று தரையில் விழுந்தது.

"ஐயோ அம்மா! வாங்கிட்டுப் போடுங்க!"

"போட்டுப் பாக்காம எப்படி வாங்குறது? என் வேலையில இது தினமும் நாலு தடவை விழும்."

எடுத்துப் பார்த்தால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதையே வாங்கினாள். மகள் கூப்பிட்ட நம்பரை ஒன்றாம் பட்டனில் போட்டுக் கொடுத்தார் கடைக்காரர். எங்களுக்கு எழுத்து தெரியாது. யார் நம்பர் என்று அவர் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

அந்த போனை அவள் வைத்துக்கொண்ட மாதிரி நான் என் பிள்ளைகளைக்கூட வைத்துக்கொண்டதில்லை. குளிக்கும்போது தலைக்குப் போட்டுக்கொள்ள லாட்ஜில் ஒரு பிளாஸ்டிக் தொப்பி கொடுப்போம். அதைப் போனுக்கு மாட்டி இடுப்பில் செருகுவாள். தண்ணி தெறித்தாலும் உள்ளே போகாது, மணி மட்டும் நன்றாகக் கேட்கும். ரூமில் ஆட்கள் விட்டுவிட்டுப் போன சார்ஜர் எத்தனையோ கிடக்கும், ஒன்றையும் தொட மாட்டாள். போனோடு வந்த சார்ஜர்தான், துணி ரூமில் என் கண் எதிரில்தான். நிறைந்ததும் பிடுங்கிவிட வேண்டும். சார்ஜ் ஏறும்போது அதில் பேசக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை தோறும் சார்ஜ் ஓட்டையைப் பல் தேய்க்கிற பிரஷ்ஷால் மெல்லத் தட்டி பஞ்சுத் தூசியை எடுப்பாள். நான் காவல். அஞ்சு நிமிஷம் நான் டீ குடிக்கப் போனால்கூட, "போனை யாருகிட்ட விட்டுட்டுப் போறீங்க?" என்பாள்.

"உன் போனைத் தூக்கிட்டு நான் எவனோட ஓடப் போறேன்டி, இந்த வயசுல?"

புதுப் போனில் இரண்டு தடவை மகள் பேசினாள். ஆறாம் மாசம் ஒரு தடவை, எட்டாம் மாசம் ஒரு தடவை. குரல் பக்கத்து ரூமில் நின்று பேசுகிற மாதிரி. பிள்ளை எட்டி உதைக்கிறதாம். "அப்பன் புத்தி, இப்பவே பிரேக்கை மிதிக்குது" என்றாள் மூணாம் மாடி. மருமகனைப் பற்றி அவள் சிரித்துக்கொண்டு சொன்ன முதல் பேச்சு அது. என்னிடமும் போனைக் கொடுத்தாள். "பெரியம்மா, டவல் சரியா இருக்கா?" என்று கேட்டது அந்தப் பிள்ளை. "நீ இல்லாம எவ எண்ணுறா?" என்றேன்.

ஒன்பதாம் மாசம் தொடங்கியதும் புது வினை வந்தது. போன் ஓயாமல் அடிக்க ஆரம்பித்தது. எல்லாம் கண்டவன்கள். கடன் வேணுமா, மனை வேணுமா, உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் வாளியைப் போட்டுவிட்டு ஓடுவாள். எடுத்தால் எவனோ.

"அக்கா, இவனுங்க லைன்ல உக்காந்திருக்கிற நேரம் பாத்து அவ கூப்பிட்டா? எடம் இருக்காதே."

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. லாட்ஜில் பதினாறு வருஷமாக நாங்கள் பார்க்கிறது அதுதான். வாசலில் வந்தவனுக்கெல்லாம் ரூம் கொடுத்துவிட்டால், வரவேண்டிய ஆள் வரும்போது ரூம் இருக்காது. அதற்காகத்தான் மேனேஜர் காலையில், "முன்னூத்தி நாலு பிளாக்" என்பார். பிளாக் என்றால் அந்த ரூம் ஒருத்தருக்கென்று எடுத்து வைத்தாயிற்று. துடைத்து, விரித்து, பூட்டி, சாவியைத் தனி ஆணியில் மாட்டிவிட வேண்டும். எவன் வந்து எவ்வளவு கெஞ்சினாலும் கிடையாது. பெரிய மனுஷர்களுக்கு மட்டும் அப்படிச் செய்வார்கள். அந்தச் சொல்லுக்கு எங்களுக்குத் தெரிந்த அர்த்தம் அது ஒன்றுதான்.

அந்த வாரம் வராந்தாவில் ஒரு பெண் போனில், "அவன் நம்பரை பிளாக் பண்ணிட்டேன்" என்று பேசிக்கொண்டு போனது என் காதில் விழுந்திருந்தது. யார் அந்தப் புண்ணியவானோ, அவனுக்காக எடுத்து வைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆகவே சொன்னது நான். "போன்லயும் பிளாக் பண்ணலாம்டி. நம்ம பிள்ளை நம்பரை பிளாக் பண்ணிடு. அப்புறம் எவன் வந்தாலும் அவ எடம் அவளுக்கு." இந்த வாயால்தான் சொன்னேன்.

இரண்டு பேரும் செல் கடைக்குப் போனோம். கூட்டமாக இருந்தது. அவள் ஒன்றாம் பட்டனை அமுக்கிக் காட்டி, "இந்த நம்பரை பிளாக் பண்ணிக் குடுங்க" என்றாள்.

"ஒண்ணாம் நம்பரையா? நெசமாவா?" என்றார். "ரொம்பத் தொல்லையோ?"

"ஐயோ, அதை ஏன் கேக்குறீங்க" என்று வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். "இருபத்திமூணு வருஷமா தொல்லை. என் உயிரை எடுக்கன்னே வந்தது."

அவர் சிரித்தார். நானும் சும்மா இருக்கவில்லை. "நல்லா பண்ணுங்க தம்பி. அரைகுறையா வேணாம்" என்றேன். காசுகூட வாங்கவில்லை அவர். நாலு பட்டனைத் தட்டிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு மகள் கூப்பிடவில்லை.

ஒரு வாரம், மாமியார் வீட்டை விட்டு நகரவில்லை போல என்றாள். இரண்டாம் வாரம் போனைச் சந்தேகப்பட்டாள். என்னை லாட்ஜ் போனிலிருந்து கூப்பிடச் சொல்வாள். நான் கூப்பிட்டால் இடுப்பில் தொப்பிக்குள் நன்றாக அடிக்கும். "மணி நல்லாத்தான் இருக்கு" என்பாள். ஒரு நாளைக்கு நாலு தடவை, ஐந்து தடவை. மேனேஜர் முறைத்தார், முறைத்தால் முறைக்கட்டும். மூன்றாம் வாரம் புது பேட்டரி மாற்றினாள். துணிப் பையில் ஒரு புடவையும் பழந்துணி வெட்டித் தைத்த பத்துப் பிள்ளைத் துணியும் அடுக்கி, துணி ரூமில் என் அலமாரிக்கடியில் வைத்தாள். வேலை நடுவில் அப்படியே பஸ்ஸுக்கு ஓடலாம் இல்லையா.

"ஒரு தடவை நீயே கூப்பிட்டுப் பாரேன்டி."

"வேணாம்கா. மாமியார் எடுத்தா, நெறமாசக்காரி அவ பேச்சு வாங்குவா. அவ சொல்லியிருக்கா, வலி வந்ததும் கூப்பிடுவேன்னு. சொன்னா செய்வா."

ஐந்தாம் வாரம் கணக்குப்படி மாசம் தாண்டிவிட்டது. பகல் சாப்பாட்டு நேரத்தில் அவளே, "வாங்கக்கா, போனைப் பிரிச்சே பாக்கச் சொல்லலாம். உள்ள ஏதோ செத்திருக்கு" என்று கிளம்பினாள்.

கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பட்டனைத் தட்டித் தட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு திருப்தி.

"போன்ல ஒரு கோளாறும் இல்லம்மா. கல்லு மாதிரி இருக்கு. நீங்க பிளாக் பண்ணச் சொன்னீங்களே, அந்த ஆளுதான் விடாம கூப்பிட்டிருக்கான். இதோ பட்டியல் இருக்கு. இருபத்தாறு தடவை. அதுல பத்தொம்பது ஒரே நாள்ல, பன்னெண்டு நாள் முன்னால." தலையை நிமிர்த்தி, ஆறுதலாகச் சொன்னார்: "கவலைப்படாதீங்க. ஒண்ணுகூட உங்களுக்கு உள்ள வரலை."

மூணாம் மாடி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். "ஏன் உள்ள வரலை? அவளுக்குத்தானே பிளாக் பண்ணோம்?"

அவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டார். பிளாக் என்றால் அந்த நம்பரிலிருந்து யார் கூப்பிட்டாலும் உள்ளே விடாமல் மறிப்பது என்று சொன்னார். நாலு பட்டனைத் தட்டி, "எடுத்துட்டேம்மா, எடுத்துட்டேன். இப்பவே கூப்பிடுங்க" என்றார்.

லாட்ஜின் பின்படிக்கட்டில் உட்கார்ந்து ஒன்றாம் பட்டனை அமுக்கினாள். மாமியார் எடுத்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தோம். அந்தப் பொம்பளை ஒரு பேச்சும் பேசவில்லை. "இருங்க, குடுக்குறேன்" என்றாள். அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"அம்மா."

"கண்ணு. என்னடி, பொறந்துடுச்சா?"

"பொறந்துச்சும்மா. ரெண்டு நாள் இருந்துச்சு."

குரல் தெளிவாக வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. மூச்சு சரியாக வரவில்லையாம் பிள்ளைக்கு. டிரைவர் வந்து சேர மூன்று நாள் ஆகியிருக்கிறது. வலி வந்ததும் மாமியாரே நம்பரைப் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாளாம். ஒரு மணி அடித்து கட்டாகுமாம், ஒரு மணி அடித்து கட்டாகுமாம்.

"வேற யாரு போன்ல இருந்தாவது கூப்பிட்டிருக்கக் கூடாதா?"

"குரலே கேக்கக் கூடாதுன்னு சொன்ன நீ. வேணாம்னு கட் பண்றவள எத்தனை போன்ல இருந்து கூப்பிடுறது?"

"நான் கட் பண்ணலடி! பிளாக் பண்ணச் சொன்னேன். உனக்குன்னு எடுத்து வைக்கிறதுன்னு நெனச்சேன்டி, ரூம் மாதிரி..."

லாட்ஜ் படிக்கட்டில் வளர்ந்த பிள்ளை, அதற்கு விளக்கம் வேண்டியிருக்கவில்லை. "புரியுதும்மா" என்றது. அவ்வளவுதான். கத்தவில்லை, அழவில்லை. நம்பாமல் சண்டை போட்டிருந்தால்கூட இவள் தாங்கியிருப்பாள்.

"என்ன பிள்ளைடி?" என்று கேட்டாள் இவள்.

"பொண்ணு."

"நான் வரட்டுமா?"

"இப்ப எதுக்கும்மா?"

மறுநாள் காலையில் போனாள். பிள்ளைத் துணிகளை எடுத்துவிட்டுப் புடவை மட்டும் கொண்டுபோனாள். மகள் வீட்டுக்குக் கூப்பிடவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு வந்தாளாம். பெண்கள் காத்திருக்கிற அறையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்களாம். என்ன பேசினார்கள் என்று இவள் சொல்லவில்லை. எல்லாவற்றையும் தோண்டிக் கேட்கிற நான் அதைக் கேட்கவில்லை.

ஒன்று மட்டும் சொன்னாள். மகள் நெஞ்சில் துணி நனைந்திருந்ததாம். பால் கட்டிக் கல்லாக இருந்திருக்கிறது, யாரிடமும் சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். இவள் டீக்கடையில் ஒரு சொம்பு சுடுதண்ணி கேட்டு வாங்கி, தன் துண்டை முக்கிப் பிழிந்து, கதவைச் சாத்திக்கொண்டு ஒத்தடம் கொடுத்தாளாம். ஒரு மணி நேரம். வலியில் அந்தப் பிள்ளை இவள் தோளைக் கடித்துக்கொண்டு இருந்ததாம். வடிந்த பாலை அங்கே இருந்த தொட்டியில் ஊற்றி, தண்ணி விட்டுக் கழுவிவிட்டு, அடுத்த பஸ்ஸில் ஏறி வந்துவிட்டாள்.